வண்ணார்பேட்டை விடுதியின் ஏழாவது விதி

1

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் என் மகள் "பை" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். கனடாவில் வளரும் பதினைந்து வயதுப் பெண் வேறு என்ன சொல்வாள் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு சட்டம் உண்டு. அவள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து, வின்னிபெக் குளிர் கதவிடுக்கில் நுழைந்து காலைக் கடிக்கும்போதும், வாசலில் மஞ்சள் பஸ் வந்து நின்று டிரைவரம்மா ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போதும், "போய்ட்டு வாறேன்" என்று சொன்னால்தான் நான் கதவைத் திறந்துவிடுவேன். அவள் அதை ஒரே மூச்சில் "போட்டுவாறேன்" என்று உருட்டுவாள். அவளுடைய தமிழ் வருடத்துக்கு வருடம் தேய்ந்துகொண்டே வந்தாலும் இந்த ஒன்று மட்டும் அப்பழுக்கில்லாத திருநெல்வேலித் தமிழாகவே இருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்தான்.

அந்தச் சட்டம் நான் போட்டதல்ல, என் அண்ணன் போட்டது. எனக்கு நாலு வயதிலேயே அப்பா போய்விட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்த அண்ணன்தான் அதன்பிறகு வீட்டுக்கு எல்லாம். எந்தக் கிழமையில் நகம் வெட்டலாம், எந்தத் திசை பார்த்து இலை போடலாம் என்று அவருக்கு எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அவசரத்தில் "போறேன்" என்று கத்திவிட்டு ஓடினேன். தெருமுனை வரை துரத்திவந்து, முதுகில் ஒன்று வைத்து, திரும்பக் கூட்டிக்கொண்டு போய், அம்மா முன்னால் நிறுத்திச் சரியாகச் சொல்லவைத்த பிறகே விட்டார்.

இங்கே நகராட்சி பஸ் பணிமனையில் ஸ்டோர் கீப்பராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாயங்காலம் கிளம்பும்போது மேலாளரிடம் இதையே ஆங்கிலத்தில் சொல்லித் தொலைத்தேன். பாவம், நான் திரும்பி வருவேன் என்று நினைத்து ஒருமணி நேரம் ஷட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் எனக்கு நல்ல மண்டகப்படி. அதன்பிறகு வெளியே "பை". வீட்டுக்குள் மட்டும் அண்ணன் சட்டம்.

செவ்வாய்க்கிழமை அம்மாவின் திதி வேறு. முந்தின நாள்தான் அண்ணனின் கடிதம் வந்திருந்தது. வழக்கம்போல் சாப்பாட்டு மேசையில் அதை உரக்கப் படித்திருந்தேன். திதியன்று காலையில் மகள் வாயிலிருந்து "பை" வந்ததும் எனக்குச் சுள்ளென்றது. ஆனால் அவள் கதவைத் தானே திறந்துகொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள். சாயங்காலம் வரட்டும், கேட்டுக்கொள்கிறேன் என்று இருந்தேன். அன்றைக்கு முழுக்க எனக்கு வண்ணார்பேட்டை ஞாபகமாகவே இருந்தது.

2

நான் ஊரைவிட்டு வந்தபோது திருநெல்வேலி ஜங்ஷன் பிளாட்பாரத்துக்கு அம்மா வந்திருந்தாள். மகளுக்கு அப்போது மூன்று வயது. ரயில் நகரும்போது "போய்ட்டு வாறேம்மா" என்றேன். "பைய போய்ட்டு வா" என்றாள் அம்மா. பதிலுக்குச் சொல்ல எங்கள் பக்கம் வேறு வாக்கியம் கிடையாது.

நான் போகவில்லை. முதலில் வேலை நிரந்தரமாகட்டும் என்று தள்ளிப்போட்டேன். பிறகு இங்கேயே தங்குவதற்கு விண்ணப்பம் கொடுத்தேன். அது பரிசீலனையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியே போனால், மறுபடியும் உள்ளே விடுவார்களா என்பது நிச்சயமில்லை என்றார்கள். அந்தச் சமயத்தில்தான் அம்மா போன செய்தி தொலைபேசியில் வந்தது. சமையலறையில் ஒரு கையில் ரிசீவரையும் மறு கையில் விண்ணப்ப எண் எழுதிய தாளையும் வைத்துக்கொண்டு நின்றேன். மனைவியும் மகளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வர முடியாது அண்ணே" என்றேன். லைன் அறுந்தது. அவர் வைத்தாரா, தானாக அறுந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் நான் எழுதிய கடிதம் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அவருடைய பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை கூட வரவில்லை. வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. நாலு வருடம் இப்படியே போயிற்று. கையில் குடியுரிமைத் தாள் வந்த அந்த வருடக் கோடையில், பன்னிரண்டு வயது மகளை மட்டும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டேன். மனைவிக்கு ஆஸ்பத்திரி வேலையில் விடுமுறை கிடைக்கவில்லை. இன்ன தேதியில் வருகிறேன் என்று அண்ணனுக்கு எழுதியிருந்தேன். அதற்கும் பதில் இல்லை. பதில் எழுதாத வீட்டின் முன்னால் பெட்டியோடு போய் இறங்க எனக்குத் தைரியம் வரவில்லை. டவுனில் பிறந்து வளர்ந்தவன், ஆற்றுக்கு மறுபக்கம் வண்ணார்பேட்டையில் விடுதியில் அறை எடுத்தேன்.

3

விடுதி என்றால் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். கீழே வீடு, மாடியில் நாலு அறை. சங்கரலிங்கம் அண்ணாச்சியும் அவர் மனைவி கோமதி அக்காவும் நடத்திவந்தார்கள். பெண் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகு மாடி சும்மா கிடக்கிறதே என்று தொடங்கியதாம். கொக்கிரகுளம் கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வருகிறவர்கள், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்தவர்கள், பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் பிள்ளையைச் சேர்க்க வந்தவர்கள், இவர்கள்தான் தங்குவார்கள். சாப்பாடு கீழே அக்கா வீட்டுக் கூடத்தில், அவர்கள் சாப்பிடுவதே நமக்கும். இன்னது வேண்டும் என்று கேட்கிற வழக்கமில்லை. ஆனால் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டால் உடம்புக்கு என்ன என்று விசாரணை நடக்கும்.

மாடிப்படி ஏறும் இடத்தில் ஒரு பலகை தொங்கியது. அண்ணாச்சியின் கையெழுத்தில் விடுதி விதிகள். எச்சில் துப்பக் கூடாது, ஈரத்துணியைக் கட்டிலில் போடக் கூடாது என்று போய், ஏழாவதாக இப்படி இருந்தது: "துட்டிக்குச் சென்று வருவோர் பின்வாசல் வழியாக வந்து குளித்தபின் மாடி ஏறவும். வெந்நீர் உண்டு." துட்டி என்றால் என்ன என்று மகள் கேட்டாள். சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போவது என்று விளக்கினேன். அதை ஓட்டல் பலகையில் எழுதிவைப்பார்களா என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சங்கரலிங்கம் அண்ணாச்சி ராதாபுரம் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. வெளிநாட்டவர் தங்கினால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். விடுதி திறந்ததிலிருந்து அந்தப் படிவத்தை வாங்கி டிராயரில் பத்திரமாக வைத்திருந்தாராம், ஒரு வெளிநாட்டவனும் வரவில்லை. இப்போது நான் வாய்த்தேன். கார்பன் தாளை இரண்டு இடத்தில் செருகி, பேனாவை உதறி, உட்கார்ந்தார். பிறந்த ஊர் என்ற கட்டத்தில் திருநெல்வேலி என்று எழுதும்போது மட்டும் ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

வந்த நோக்கம் என்ன என்று கேட்டார். உறவினரைப் பார்க்க என்றேன். உறவினர் முகவரி என்று அடுத்த கட்டம் இருந்தது. டவுனில் தெற்கு ரத வீதிப் பக்கம் அண்ணன் வீடு இருக்கிறது என்று சொன்னால், பிறகு ஏன் இங்கே தங்குகிறீர்கள் என்ற கேள்வி வரும். அதனால், "சுற்றுலான்னு போடுங்க அண்ணாச்சி" என்றேன்.

அவர் பேனாவை மறுபடியும் ஒருமுறை உதறினார். பிறகு எழுதினார். முப்பது வருடம் சர்க்கார் வேலை பார்த்தவருக்கு எது உண்மை, எது படிவம் என்று தெரியாதா என்ன?

4

மறுநாள் வியாழக்கிழமை. பயணக் களைப்பில் மகளுக்கு வயிறு சரியில்லை. கோமதி அக்கா ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்து, அவளைத் தன் பக்கத்திலேயே படுக்கவைத்துக்கொண்டாள். நான் மட்டும் பெட்டியிலிருந்து சாக்லேட் டப்பா, அண்ணனுக்கு ஒரு ஸ்வெட்டர், மதினிக்கு ஒரு சென்ட் பாட்டில் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். திருநெல்வேலி வெயிலுக்கு ஸ்வெட்டர் கொண்டுபோன புத்திசாலி நான்.

அண்ணன்தான் கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். "வா" என்று சொல்லவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்து மெல்ல என் பக்கம் நீட்டினார். நான் அதைப் பிடித்து, பணிமனையில் எட்டொன்பது வருடமாகக் குலுக்கிப் பழகிய மாதிரி, நன்றாகக் குலுக்கினேன். "எப்படி இருக்கே அண்ணே? மெலிஞ்சிட்டியே" என்று சிரித்தேன். அவர் கைகளை உருவிக்கொண்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிலைப்படி ஓரமாக வந்து நின்றாள். அவளும் "வாங்க" என்று சொல்லவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கூட வரவில்லை. எனக்குப் படபடப்பு அதிகமானால் வாய் நிற்காது. வின்னிபெக் பனியைப் பற்றிப் பேசினேன். பஸ் பணிமனையைப் பற்றிப் பேசினேன். சாக்லேட் டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்து, பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றேன். இரண்டு பேரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எடுத்தால் தாங்கமாட்டேன் என்று எனக்குப் பயம். அவர்களும் எடுக்கவில்லை.

அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து, "சரிண்ணே, போய்ட்டு வாறேன்" என்றேன். அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆட்டோவில் ஆற்றுப்பாலம் வரை அடக்கிக்கொண்டு வந்தேன். கீழே தாமிரபரணி வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது. முடிந்தது, எனக்கு இந்த ஊரில் வீடு கிடையாது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, எங்கே போகவேண்டும் என்று மறுபடியும் கேட்டார்.

5

வெள்ளிக்கிழமை மத்தியானம் கூடத்தில் நானும் மகளும் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அக்கா சொதி வைத்திருந்தாள். மகள் அந்தத் தேங்காய்ப்பால் குழம்பை மூன்றாம் முறை கேட்டு வாங்கினாள். அக்கா அவள் தட்டில் ஊற்றிக்கொண்டே, அடுத்த வாரம் முழுக்க இருப்பீர்கள்தானே என்று கேட்டாள். இல்லை, டிக்கெட்டை மாற்றிக்கொண்டு நாளைக்கே சென்னைக்குப் போகலாமென்று இருக்கிறேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். யாரிடமாவது சொன்னால் தேவலை என்று இருந்ததால் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா இறந்தது, நான் வராதது, கடிதங்கள், நேற்றுப் போனது, ஒரு "வா" கூடச் சொல்லாமல் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கோமதி அக்கா கேட்டுக்கொண்டே வந்தவள், சொதிக் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா போனதுக்கப்புறம் நேத்துத்தான் முதத்தடவையா அந்த வீட்டுப் படி ஏறுதீயளா?"

"ஆமா."

"கையில என்ன கொண்டு போனீய?"

சொன்னேன். சாக்லேட் என்றதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வேறு என்னென்ன செய்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கையைக் குலுக்கியதையும், கிளம்பும்போது சொன்னதையும் கேட்டதும், சமையலறைப் பக்கம் திரும்பி, "இங்கன வாங்களேன், இவுக செஞ்சதைக் கேளுங்க" என்று அண்ணாச்சியைக் கூப்பிட்டாள். அண்ணாச்சி வந்து கதவோரம் நின்றார். அவர் ஏற்கெனவே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"தம்பி, துட்டி வீட்டுக்கு வந்தவுகளை வாங்கன்னு எந்த வீட்டுலயாவது கூப்பிடுவாகளா? உங்க அண்ணன் கையை நீட்டினது தொடுததுக்கு. தொட்டுட்டுப் பேசாம கீழே உக்காரணும். நீங்க இனிப்பைக் கொண்டுவச்சிட்டு, போய்ட்டு வாறேன்னும் சொல்லிட்டு வந்திருக்கிய. சாவு வீட்டுல நின்னு மறுபடி வாறேன்னு சொன்னா என்ன அர்த்தம்?" என்றாள் அக்கா.

சின்ன வயதில் துட்டி கேட்கப் போவது அண்ணன் வேலை. என்னை யாரும் கூட்டிக்கொண்டு போனதில்லை. ஆனாலும் இதெல்லாம் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும்தான் இருந்தது. நாலு வருடம் ஆகிவிட்டதே, வருடத் திதியோடு துக்கமெல்லாம் முடிந்துபோயிருக்குமே என்றுதான் நினைத்தேன். அதை அவளிடம் சொல்லவும் செய்தேன்.

"வருசம் திரும்புனா ஊருக்கு முடிஞ்சுது. நீங்க இப்பத்தானே வாறீய? உங்களுக்கு அம்மா இன்னும் அந்த வீட்டுல கிடக்கா தம்பி. அண்ணன் அதுக்குத்தான் கையை நீட்டியிருக்காக."

அதைக் கேட்டதும் என்னால் முடியவில்லை. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். மகள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. சாப்பிட்ட கையோடு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு ஏன் கூப்பிடவில்லை என்பதும் அப்போது விளங்கியது. துட்டி கேட்காத உறவை நல்ல காரியத்துக்கு அழைப்பதில்லை. அண்ணன் என்னை விலக்கிவைக்கவில்லை. நான் வந்து அந்த முதல் காரியத்தைச் செய்யக் காத்திருந்தார். நான் ஸ்வெட்டரோடு போய் நின்றிருக்கிறேன்.

அப்போதே கிளம்பிவிட எழுந்தேன். வெள்ளிக்கிழமையில் துட்டி கேட்பதில்லை என்று அக்கா உட்காரவைத்தாள். நாளைக் காலையில் போங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், அது பாட்டி வீடு என்றாள். அண்ணாச்சி தயங்கித் தயங்கி, படிவத்தில் சுற்றுலா என்று போட்டதைத் திருத்திவிடலாமா என்று கேட்டார். துட்டிக்கு ஆங்கிலத்தில் என்ன எழுதுவது என்று இருவரும் யோசித்தோம். மகளிடமும் கேட்டோம். அவள் சொன்ன வார்த்தை எதுவும் அண்ணாச்சிக்குத் திருப்தியாக இல்லை. "கவர்ன்மெண்டுக்கு சுற்றுலாவே போதும்" என்று எழுந்து போய்விட்டார்.

6

சனிக்கிழமை காலை, வெறுங்கையோடு போனோம். ஆட்டோவில் போகும்போதே மகளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். சிரிக்காதே. ஹலோ சொல்லாதே. வாங்க என்று சொல்லமாட்டார்கள், அதற்காகக் கோபித்துக்கொள்ளாதே. தண்ணீர் கேட்காதே. கிளம்பும்போது ஒன்றுமே சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். அவள் எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டாள்.

கதவு திறந்திருந்தது. அண்ணன் எழுந்து நின்றார். கைகளை நீட்டினார். நான் அவற்றைத் தொட்டேன். அவ்வளவுதான், அவர் உடம்பு குலுங்கத் தொடங்கிவிட்டது. நாலு வருடமாக அவர் சேர்த்துவைத்திருந்தது அது. மதினி வந்து என் மகளைக் கட்டிக்கொண்டு, அதுவரை வாயால் சொல்லாத மாமியார் பெயரைச் சொல்லி, குரலெடுத்து அழுதாள். என் மகளுக்கு அம்மாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம், காந்திமதி. வின்னிபெக் பள்ளிக்கூடத்தில் அதை வெட்டி "மாட்டி" என்று ஆக்கிவிட்டார்கள். அந்த அழுகையில் தன் முழுப்பெயரைக் கேட்டு அவள் திகைத்துப்போய் நின்றாள். பிறகு அவளும் அழுதாள்.

தரையில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் சொல்லத் தொடங்கினார். துட்டிக்கு வந்தவர்களிடம் சாவு எப்படி நடந்தது என்று வீட்டுக்காரர் சொல்லவேண்டும், வந்தவர்கள் கேட்கவேண்டும். ஊரெல்லாம் கேட்ட கதை அது. யாருக்காக முதலில் சொல்லியிருக்க வேண்டுமோ அவனுக்கு மட்டும் சொல்லப்படாமல் கிடந்தது. முந்தின வாரம் காய்ச்சல் வந்ததிலிருந்து ஒவ்வொரு நாளாகச் சொன்னார். யார் யார் பார்க்க வந்தார்கள், எந்த டாக்டர் என்ன சொன்னார், கடைசிக் காலையில் இரண்டு கரண்டி கஞ்சி குடித்தது. நேற்று நடந்த மாதிரி சொன்னார்.

"கஞ்சியைக் குடிச்சிட்டு, அங்கன இப்ப என்ன மணி இருக்கும்னு கேட்டா. ராத்திரி ஆகியிருக்கும்மான்னேன். அப்ப தூங்கட்டும், எழுப்பாண்டாம்னா. பொறகு பேசலை."

ஒன்றும் சொல்லவேண்டாம் என்பதும் அந்த வழக்கத்திலேயே இருந்தது. நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லி முடித்ததும் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். முடிந்தது என்று பொருள். நான் எழுந்தேன். அவரையும் பார்க்காமல், ஒன்றும் சொல்லாமல், வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினேன்.

அப்போது பின்னாலிருந்து, தெளிவாக, ஒரே மூச்சில் கேட்டது.

"போட்டுவாறேன் பெரியப்பா."

மதினி வாயைப் பொத்திக்கொண்டாள். மகளுக்கும் அப்போதுதான் உறைத்தது. விரல்விட்டு எண்ணிய அத்தனையும் ஞாபகம் இருந்தது, கதவைக் கண்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஏழு வருடமாகக் கதவைப் பிடித்துக்கொண்டு நான் பழக்கிய பழக்கம். இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். "போறேன்" என்றதற்காகத் தெருமுனை வரை துரத்திவந்து அடித்த மனிதர். நகம் வெட்டக் கிழமை பார்க்கிறவர்.

அண்ணன் பைய எழுந்து வாசலுக்கு வந்தார். அம்மா பெயர் என்பதால் அவளைப் பெயர் சொல்லி அவர் கூப்பிடக் கூடாது. அவள் தலையில் கைவைத்தார்.

"பைய போய்ட்டு வா தாயி. சொன்னா வரணும், என்ன? உங்கப்பனை மாதிரி இருக்கப்பிடாது."

அவள் தலையை ஆட்டினாள். நான் செருப்பு மாட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

விடுதிக்குப் பின்வாசல் வழியாகப் போனோம். கோமதி அக்கா இரண்டு வாளியில் வெந்நீர் விளாவி வைத்திருந்தாள். மகள் செய்ததைச் சொன்னதும், உங்க அண்ணன் என்ன செய்தார் என்று பதறினாள். வா என்று சொன்னார் என்றேன். அக்கா குனிந்து வாளித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள். "குளிங்க, தண்ணி ஆறிரும்" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலை அண்ணனே விசாரித்துக்கொண்டு வந்து, விடுதி வாசலில் நின்று எங்கள் பெட்டிகளைக் கேட்டார். கோமதி அக்கா அவரை "வாங்க அண்ணாச்சி, வாங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி அழைத்தாள். மிச்ச நாளெல்லாம் டவுன் வீட்டில்தான். சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். நான் இடம் மாறியதற்கு இன்னொரு படிவம் எழுத வேண்டியதாயிற்று என்று அலுத்துக்கொண்டே, மூன்று பிரதி எடுத்தார்.

7

மூன்று கோடை போய்விட்டது. நாங்கள் மறுபடியும் போகவில்லை. வீட்டுக்கடன், கூரை மாற்றியது, மகளின் நீச்சல் வகுப்பு என்று ஒவ்வொரு வருடமும் ஒரு நல்ல காரணம் எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. காரணம் கண்டுபிடிப்பதில் எனக்குப் பழைய அனுபவம் உண்டு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகள் வந்ததும், பையை இறக்கும் முன்பே கேட்டுவிட்டேன். காலையில் ஏன் அப்படிச் சொன்னாய், அதுவும் இன்றைய நாளில் என்று கொஞ்சம் குரலும் உயர்ந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. நேற்று நான் படித்த கடிதத்தைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் கடைசிப் பத்தியில் விரலை வைத்து, இங்கேதானே என்றாள். அண்ணன் கடிதம் எழுதினால் பாடப்புத்தகத் தமிழ்தான். "தாயி வருகிறேன் என்று சொல்லிச் சென்றாள். எனக்குக் கண்ணில் புரை வளர்கிறது. அறுவைக்கு முன் அவளை ஒருமுறை பார்க்கலாம் என்று இருக்கிறேன்" என்று எழுதியிருந்தார். நான் அதைப் படித்துவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் சொன்னதை ஆங்கிலத்திலிருந்து என்னால் முடிந்தவரை எழுதுகிறேன். பெரியப்பாவிடம் "போட்டுவாறேன்" என்று சொல்லிவிட்டு இன்னும் போகாமல் இருக்கிறேன். அப்படி இருக்கும்போது தினமும் காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது அதையே சொல்லிக்கொண்டிருப்பது பொய்யாகத் தோன்றுகிறது. அங்கே போய்விட்டு வந்த பிறகு மறுபடியும் சொல்கிறேன். அதுவரைக்கும் "பை"தான்.

அண்ணனின் பிடிவாதம் அப்படியே அவளிடம் இருந்தது. இந்தப் பிள்ளை நம்மைவிட்டு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று நான் கவலைப்பட்டதையெல்லாம் நினைத்து வெட்கமாக இருந்தது. ரயில் ஜன்னலிலிருந்து சொல்லிவிட்டு வந்து, அதை அம்மாவுக்குப் பொய்யாக்கியவன் நான்.

புதன்கிழமை காலை அவள் "பை" என்றாள். நான் கதவைத் திறந்துவிட்டேன். பணிமனைக்குப் போனதும் மேலாளரிடம் விடுமுறைப் படிவம் கேட்டு வாங்கினேன், கோடையில் ஆறு வாரத்துக்கு. காரணம் என்ற கட்டத்தில் கை தானாகச் சுற்றுலா என்று எழுதத் தொடங்கியது. அதை அடித்துவிட்டு, என் ஆங்கிலத்துக்குத் தெரிந்த அளவில், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தேன்.